ஜான் மேசன் நீலை 'வென்சஸ்லாஸ்' பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள்

டிசம்பர் வந்தால் போதும், "'குட் கிங் வென்சஸ்லாஸ்' கிறிஸ்துமஸ் பாட்டை எழுதியவர்" என்று ஆங்கிலிக்கன் குருவான ஜான் மேசன் நீலை (1818–1866) அறிமுகப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அநியாயம். 1582-இல் அச்சான 'பியே கான்ஷியோனெஸ்' தொகுப்பிலிருந்த ஒரு வசந்தகாலப் பாட்டின் மெட்டுக்கு அவர் 1853-இல் எழுதிக்கொடுத்த கதைப்பாட்டு அது. மெட்டு அருமை, வரிகள் சுமார்தான். நீலின் அசல் உழைப்பு, லத்தீன், கிரேக்கப் பாடல்களை ஆங்கிலச் சபை வாய்விட்டுப் பாடும்படி கொண்டுவந்ததில் இருக்கிறது.

கேம்பிரிட்ஜில் கணக்கு கைகொடுக்காததால் ஆனர்ஸ் பட்டத்தைக் கோட்டைவிட்டவர். நுரையீரல் பலவீனத்தால் திருச்சபைப் பொறுப்பும் நிலைக்கவில்லை. 1846 முதல் சாகும்வரை இங்கிலாந்தின் கிழக்கு கிரின்ஸ்டெட்டில் சாக்வில் கல்லூரியின் காப்பாளர். பெயர்தான் கல்லூரி, உண்மையில் முதியோர் இல்லம். ஆண்டுச் சம்பளம் 30 பவுண்டைக்கூட எட்டவில்லை. 'ரோமன் கத்தோலிக்கச் சாயல்' என்று சொல்லி, தன் மறைமாவட்டத்தில் குருப்பணி செய்யக்கூடாது என்று சிச்செஸ்டர் பேராயர் 1847-இல் அவருக்குப் போட்ட தடை 1863 வரை நீடித்தது. 1855-இல் ஏழை நோயாளிகளை வீடுதேடிப் போய்ப் பார்க்க அவர் தொடங்கிய புனித மார்கரெட் சகோதரிகள் சபைதான் பிற்பாடு இலங்கைக்கும் வந்து கொழும்பு பிஷப்ஸ் கல்லூரியை நடத்தியது.

இனி வேலைக்கு வருவோம். குருத்தோலை ஞாயிறு பவனியில் பாடும் 'ஆல் குளோரி, லாட் அண்ட் ஆனர்' ஒன்றே போதும், அவர் கைவேலையைப் பார்க்க. மூலம், ஒன்பதாம் நூற்றாண்டில் ஆர்லியன்ஸ் பேராயர் தியோடல்ஃப் லத்தீனில் எழுதியது. முதலடியில் ஆறு சீர், அடுத்ததில் ஐந்து. 1851-இல் நீல் அந்த யாப்பை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பண்டிதருக்கு விருந்து, சபைக்குத் தொல்லை. காரணம் எளிது. ஆறுசீர் அடியில் அசைகள் 13-இலிருந்து 17 வரை கூடும், குறையும். சரணத்துக்குச் சரணம் எண்ணிக்கை மாறினால் ஒரே மெட்டில் ஐந்நூறு பேர் எப்படிச் சேர்ந்து பாடுவது?

1854-இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 7.6.7.6 கணக்கில், அதாவது ஓரடிக்கு ஏழு அசை, அடுத்ததற்கு ஆறு என்று மாறிமாறி, புதிதாக எழுதினார். இங்கேதான் சாமர்த்தியம். ஏழு அசை அடி அழுத்தமில்லாத அசையில் முடியும். அப்படி முடிகிற சொற்களுக்கு ஆங்கிலத்தில் இயைபு கிடைப்பது அரிது. வலிந்து தேடினால் பாட்டு நொண்டும். நீல் ஏழசை அடிகளை இயைபின்றி விட்டுவிட்டு, இரண்டாம், நான்காம் அடிகளை மட்டும் இயைத்தார்.

அவர் எழுதிய தொடக்கம் 'குளோரி, அண்ட் லாட், அண்ட் ஆனர்'. 1861-இல் 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' என்ற பாமாலையின் தொகுப்பாளர்கள் அதை 'ஆல் குளோரி' என்று மாற்றினார்கள். ஆசிரியர் எழுதியதில் கை வைக்கலாமா என்று பலர் இன்றும் முறைக்கிறார்கள். என்னைக் கேட்டால், மாற்றியது சரி. இரண்டிலும் அசை ஏழுதான். ஆனால் அந்தப் பாட்டுக்குச் சேர்த்த டெஷ்னரின் ஜெர்மானிய மெட்டு, நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அதீத எடுப்பு. தட்டு விழுமுன்பே முதல் ஸ்வரம் வந்துவிடும். அங்கே 'குளோ' என்ற அழுத்தமான அசையை வைத்தால் இடறும். 'ஆல்' முன்னே நின்றால் 'குளோ' தட்டிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் புத்தகங்கள் கழற்றிவிட்ட ஒரு சரணத்துக்கு மன்னிப்பே கிடையாது. "ஆண்டவரே, நீர் ஏறி வருபவர், நாங்கள் அந்தச் சின்னக் கழுதை, இருவரும் சேர்ந்தே கடவுளின் நகருக்குப் போவோம்" என்கிற சரணம். யாராவது சிரித்துவிடுவார்கள் என்று பயந்திருப்பார்கள். சிரிக்கட்டுமே! பவனியில் நடக்கும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடிக்கும் வரி எது?

நம் பாமாலைகளில் மேல்நாட்டு மெட்டுக்கு எழுதுகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. அசையை எண்ணினால் மட்டும் போதாது. மெட்டில் எந்த ஸ்வரம் நீள்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அங்கே நெடிலையோ மெய்யில் முடியும் அசையையோ வையுங்கள். குறிலை வைத்தால் இழுபட்டு நெடிலாகிவிடும், 'படு' 'பாடு' ஆகும். முதல் சரணம் பொருந்திவிட்டது என்று நம்பி அச்சுக்குக் கொடுக்காமல், மூன்றாவதையும் நாலாவதையும் ஆர்கன் இல்லாமல் பாடிப் பாருங்கள். பிசகு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.