எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது சாமிகளா

நேற்று சுற்றிய அந்த மீமைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோல்ஃப் மைதானத்தில் நொறுங்கிக் கிடக்கும் ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டின் குட்டி விமானம், மேலே 'தாத்தாவுக்கு எதுக்கு இந்த வேலை'. சிரித்தவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில்.

நடந்தது 2015 மார்ச்சில். அமெரிக்காவில், சாண்டா மோனிகா விமான நிலையத்தில் கிளம்பிச் சுமார் 1,100 அடியில் எஞ்சின் படுத்துவிட்டது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள், பெட்ரோலை அளந்து விடும் 'ஜெட்' என்ற துளையுள்ள சின்னத் திருகு கழன்று, பெட்ரோல் அளவு மீறிப் போயிருக்கிறது என்றது விசாரணை அறிக்கை. பழைய பைக் ஓட்டியவர்களுக்கு ஜெட் தெரியும். இதில் தாத்தா எங்கே வந்தார்?

எஞ்சின் நின்றால் விமானம் விழாது, மிதந்து இறங்கும். பயிற்சிக்கு ஓட்டும் செஸ்னா 172 என்ற குட்டி விமானம் ஆயிரம் அடி உயரத்திலிருந்து இரண்டரை கிலோமீட்டராவது போகும். இறக்க இடம் தேடுவதுதான் பாடு. விமானப் பயிற்சியில் இருக்கும் என் தம்பி சொல்வான், வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை இழுத்து விசையைக் குறைத்துவிட்டு 'எங்க இறக்குவ?' என்பாராம். பொங்கலுக்கு வந்தவன் பஸ் ஜன்னல் வழியாக வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். "இது ஆகாதுண்ணே, வரப்பு குறுக்க ஓடுது. அந்தா, காஞ்ச கண்மாய், அது ஓகே."

'ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தாரே, தப்பில்லையா?' சரி, தாழ்வான உயரத்தில் திரும்பாதே என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். எட்டாது என்று தெரிந்ததும் மைதானத்தைப் பிடித்தாரே. சுற்றிலும் வீடுகள், லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் பகுதி அது. வேறு எங்கே இறக்குவது, உங்கள் மொட்டை மாடியிலா? இடுப்பும் கணுக்காலும் உடைந்தது அவருக்கு, கீழே இருந்த ஒருவருக்கும் கீறல் இல்லை. 2017-இல் ஓடுபாதையை விட்டு டாக்ஸிவேயில், அதாவது விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் வழியில், இறங்கினாரே என்றால், அது அவர் தப்பு. தனியாகத் திட்டுங்கள், நானும் வருகிறேன்.

2009-இல் எஞ்சின்கள் நின்றுபோன பயணிகள் விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் 155 பேரோடு இறக்கிய விமானியைக் கொண்டாடினோம். அதே மாதிரி குட்டி விமானத்தில் எஞ்சின் நின்றால் 'பணக்காரன் விளையாட்டு'.

பணக்காரன்! இங்கே சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். தம்பியின் அந்தச் செலவுக்கு அப்பா வயலை அடமானம் வைத்திருக்கிறார். போன மாதம் கல்யாண வீட்டில், பந்தியில் எல்லோர் முன்னாலும், "உன் தம்பி எப்பப்பா விழப்போறான்?" என்று கேட்ட சித்தப்பாதான் அந்த மீமுக்கு முதல் ஹார்ட் போட்டிருக்கிறார்.

சித்தப்பா, படிப்பீர்கள் என்று தெரியும். அவன் ஏர்லைனில் சேர்ந்தால் சொந்தக்காரங்களுக்கு டிக்கெட்டில் தள்ளுபடி உண்டா என்று அதே பந்தியில் விசாரித்ததும் நீங்கள்தான். கிடையாது.