பொருளடக்கம் போடச் சொன்னால் 'மற' என்கிறது கருவி

ஒரு மார்க்டவுன் ஃபைல், அதாவது '#' போன்ற குறிகளை வைத்துத் தலைப்பு எழுதும் சாதா டெக்ஸ்ட் ஃபைல். அதில் இருபது தலைப்பு. மேலே ஒரு பொருளடக்கம் வேண்டும், தட்டினால் அந்தந்த இடத்துக்குப் போக வேண்டும். இவ்வளவுதானே ஐயா கேட்கிறோம்? டெர்மினலில் ஒரு வரி அடித்தால் பட்டியல் என்னவோ வந்துவிடுகிறது, அதில் குறையில்லை. தட்டிப் பார்த்தால்தான் தெரியும், பாதி லிங்க் அசையவே அசையாது. கருவியோ ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல், எக்ஸிட் கோட் 0, அதாவது 'எல்லாம் சரி', என்று சொல்லிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி வெளியேறிவிடும்.

இந்தக் கருவிகள் செய்வது முழுக்க முழுக்க ஊகம், கோளாறே அங்கேதான். தலைப்புக்கு ஆங்கர் ஐடி, அதாவது லிங்க் போய்ச் சேர வேண்டிய இடத்தின் பெயர், வைப்பது பொருளடக்கக் கருவி அல்ல. ஃபைலை எச்டிஎம்எல் ஆக்கும் ரெண்டரர்தான் வைக்கிறது. 'அது இப்படித்தான் ஐடி வைக்கும்' என்று கருவி தலைப்பிலிருந்து குத்துமதிப்பாக ஒரு ஸ்லக் (லிங்க்கில் போடும் பெயர்) செய்து லிங்க் போடுகிறது. மார்க்டவுன் வந்தது 2004இல். அதில் தலைப்புக்கு ஐடி என்ற பேச்சே கிடையாது. பத்து வருடம் கழித்து 2014இல் காமன்மார்க் என்ற பொது வரையறை வந்து எத்தனையோ சந்துபொந்துகளை அடைத்தது, ஐடியை மட்டும் தொடவில்லை. ஆகவே ஊருக்கு ஒரு வழக்கம். நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப், கிட்லாப் தளங்களுக்கு ஆளுக்கொன்று, ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்றும் பாண்டாக்குக்கு ஒன்று, பைத்தான் மொழியில் எழுதிய ரெண்டரரான பைத்தான்-மார்க்டவுனுக்கு ஒன்று.

'நிறுவல் & அமைப்பு' என்று ஒரு தலைப்பு வையுங்கள். கிட்ஹப் '&' குறியை எடுத்துவிட்டு இரு பக்க இடைவெளியையும் ஹைஃபன் ஆக்கும், 'நிறுவல்--அமைப்பு' என்று வரும். கிட்லாப் அடுத்தடுத்த ஹைஃபன்களை ஒன்றாகச் சுருக்கிவிடும், 'நிறுவல்-அமைப்பு'. பாண்டாக்கின் வழக்கமான முறையில் முதல் எழுத்துக்கு முன்னால் உள்ள எல்லாம் போய்விடும், அதாவது '2.1 நிறுவல்' என்று எண் போட்டிருந்தால் எண் காலி. ஒரே தலைப்பு இரண்டு முறை வந்தால் கிட்ஹப் '-1' ஒட்டும், பைத்தான்-மார்க்டவுன் '_1' ஒட்டும். ஒரு ஹைஃபன் பிசகினால் லிங்க் செத்தது. டாக்டாக் என்ற பொருளடக்கக் கருவியில் கிட்ஹப், கிட்லாப், பிட்பக்கெட் என்று தனித்தனி ஆப்ஷன் வைத்திருப்பது இதற்காகத்தான். அதைப் போடாமல் ஓட்டினால் அது கிட்ஹப் என்றே நினைத்துக்கொள்ளும்.

இது எல்லா மொழிக்காரருக்கும் உள்ள தலைவலி. தமிழில் தலைப்பு வைத்தால் இதற்கு மேல் இன்னொன்று காத்திருக்கிறது.

மார்க்டவுனில் இருந்து ஆவணத் தளம் கட்டும் எம்கேடாக்ஸ் கருவியின் அடியில் ஓடுவது பைத்தான்-மார்க்டவுன். அதன் 'டாக்' (பொருளடக்க) நீட்சி, நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டால், தலைப்பில் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், அடிப்படைக் குறி) அல்லாத எழுத்து எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிடும். தமிழ்த் தலைப்பில் மிச்சம் என்ன? ஒன்றுமில்லை. வெறும் ஐடி வைக்க முடியாதே, அதனால் '_1', '_2', '_3' என்று வரிசை எண் கொடுத்துவிடும். பொருளடக்கம் வேலை செய்வதுபோலவே தெரியும். நடுவில் புதிதாக ஒரு தலைப்பைச் செருகுங்கள், அதற்குக் கீழே இருக்கும் எண் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். வெளியில் யாராவது '_5'க்கு லிங்க் கொடுத்திருந்தால் இனி அது போய் நிற்பது வேறு பகுதியில்.

சரி, யூனிகோட் ஸ்லக் என்று தனியாக ஒன்று இருக்கிறதே என்று அதைப் போட்டால், வாணலிக்குப் பயந்து அடுப்பில் விழுந்த கதை. அது பைத்தானின் ரெகெக்ஸில் (எழுத்துக் கோவைகளைத் தேடிப் பிடிக்கும் முறை) உள்ள 'பின்சாய்கோடு டபிள்யூ'வை நம்புகிறது. சொல்லில் வரக்கூடிய எழுத்து எது என்று கேட்டால் அது தருகிற பதிலில் க, ங, ச உண்டு. கால், கொம்பு, புள்ளி எதுவும் கிடையாது. யூனிகோடில் அவற்றின் வகை 'எழுத்து' அல்ல, 'மார்க்'. ஆகவே அவற்றை நிறுத்தற்குறி மாதிரி நினைத்துத் தூக்கி எறிந்துவிடும். 'நிறுவுதல்' உள்ளே போய் 'நறவதல' என்று வெளியே வரும். பல் பிடுங்கிய வாய் பேசுகிற மாதிரி.

பார்க்க அசிங்கம், அதோடு போகட்டும் என்று விட முடியுமா? நிரல் ஆவணத்தில் 'முறை' என்று ஒரு தலைப்பு, 'மாறி' என்று ஒரு தலைப்பு இருப்பது சாதாரணம். முறையில் உகரக் குறியும் ஐகாரக் குறியும் போனால் 'மற'. மாறியில் காலும் மேல்விலங்கும் போனால் அதுவும் 'மற'. இரண்டாவதாக வந்ததற்கு 'மற_1'. நாளைக்கு யாரோ அந்த இரண்டு பகுதிகளையும் இடம் மாற்றி வைத்தால் ஐடியும் இடம் மாறிவிடும். மற்ற பக்கங்களில் முறைக்குக் கொடுத்த லிங்க் இப்போது சத்தமில்லாமல் மாறிக்குப் போகும். செத்த லிங்க் என்றால் லிங்க் சரிபார்க்கும் கருவியாவது பிடித்துக் கொடுக்கும். இது உயிரோடு இருந்துகொண்டே தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிற லிங்க், எந்தக் கருவி பிடிக்கும்?

ஜாவாஸ்கிரிப்டில் அவசரத்துக்கு எழுதிய ஸ்கிரிப்ட்கள் இன்னும் மோசம். அங்கே 'பின்சாய்கோடு டபிள்யூ' என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான். தலைப்பு முழுக்கத் தமிழ் என்றால் மிஞ்சுவது ஒரு ஹைஃபன். 2018இலேயே அந்த மொழியின் ரெகெக்ஸில் 'எழுத்து', 'மார்க்', 'எண்' என்று யூனிகோட் வகை சொல்லிப் பிடிக்க வழி வந்துவிட்டது. மூன்றையும் சேர்த்து எழுதினால் தீர்ந்தது. ஆனாலும் எழுத மாட்டார்கள். பைத்தானில் உடன் வருகிற 're'க்குப் பதில் 'ரெகெக்ஸ்' என்ற தனித் தொகுப்பை நிறுவி, நாலு வரியில் ஸ்லக் ஃபங்க்‌ஷன் எழுதி எம்கேடாக்ஸுக்குக் கொடுத்தால் புள்ளியும் கொம்பும் அப்படியே நிற்கும். இதை ஏன் நாம் எழுத வேண்டும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நியாயமாகச் சொன்னால் கிட்ஹப் தமிழ் எழுத்தைச் சிதைப்பதில்லை. டாக்டாக்கும் சிதைப்பதில்லை. ஆனால் டாக்டாக் லிங்க்கை எழுதும்போது தமிழை '%' போட்ட விழுக்காட்டுக் குறியாக மாற்றி எழுதும். 'நிறுவுதல்' யூனிகோடில் 9 குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் 3 எழுத்து. ஒரே ஒரு சொல்லுக்கு 81 எழுத்து நீளம். இருபது தலைப்பு உள்ள பொருளடக்கத்தின் டிஃப்பை, அதாவது பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தை, பார்த்து எது மாறியது என்று கண்டுபிடிக்கிறவருக்குக் கோயில் கட்டலாம்.

அந்த டாக்டாக்கிடம் இன்னும் இரண்டு கணக்கு பாக்கி இருக்கிறது. பெயரை அடித்துவிட்டு, ஃபைல் பெயருக்குப் பதில் ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டினால் அந்த ஃபோல்டர், உள்ஃபோல்டர் எல்லாவற்றிலும் இருக்கும் மார்க்டவுன் ஃபைல்களைத் தேடித் தேடிப் பொருளடக்கம் செருகும். கேட்காமலே ஃபைலில் நேரடியாக எழுதும். ஏற்கெனவே பொருளடக்கம் இருக்கும் ஃபைல்களை மட்டும் புதுப்பிக்க 'யூ' ஆப்ஷன் உண்டு. நியாயமாக அதுதான் இயல்பாக இருந்திருக்க வேண்டும். அடுத்தது, பட்டியலின் தலையில் 'டாக்டாக் உருவாக்கியது' என்று ஆங்கிலத்தில் ஒரு விளம்பர வரி. கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயரை மணமக்கள் பெயருக்கு மேலே போட்ட மாதிரி. 'நோடைட்டில்' கொடுத்தால் போகும், இல்லை 'டைட்டில்' கொடுத்து 'பொருளடக்கம்' என்று நீங்களே வைக்கலாம்.

கிட்ஹப் மார்க்டவுன் டாக் என்ற பாஷ் ஸ்கிரிப்ட் ஊகிக்கவில்லை, அதற்கு ஒரு சபாஷ். ஃபைலை கிட்ஹப்பின் ஏபிஐக்கே (நிரல்கள் பேசுவதற்கான வாசலுக்கே) அனுப்பி, திரும்பி வரும் எச்டிஎம்எல்லில் இருந்து ஐடியைப் பொறுக்குகிறது. ஆனால் பத்து வரிப் பட்டியலுக்கு இன்டர்நெட் வேண்டும். டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாவிட்டால் ஒரு ஐபிக்கு மணிக்கு 60 கோரிக்கைதான், ஆபீஸ் முழுக்க ஒரே ஐபி என்றால் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கிட்ஹப் தன் எச்டிஎம்எல்லை மாற்றிய அன்று பட்டியல் காலியாக வரும். இன்சர்ட் ஆப்ஷனோடு ஓட்டினால் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் ஒட்டிய இரண்டு பேக்கப் ஃபைல் பக்கத்திலேயே விழும். பழைய பதிப்பையெல்லாம் காத்துவைக்கும் கிட் இருக்கும்போது பேக்கப் எதற்கு? 'நோ-பேக்கப்' போட மறந்து கமிட் செய்தால் குப்பையும் சேர்ந்து போகும்.

எந்த இடத்தில் பட்டியலைச் செருகுவது என்று காட்டும் கமெண்ட் குறியிலாவது ஒற்றுமை உண்டா? டாக்டாக்குக்கு 'ஸ்டார்ட் டாக்டாக்' என்று தொடங்கும் நீள வசனம். மார்க்டவுன்-டாக் என்ற இன்னொரு கருவிக்கு 'டாக்', 'டாக்ஸ்டாப்'. மேலே சொன்ன பாஷ் ஸ்கிரிப்டுக்கு 'டிஎஸ்', 'டிஈ'. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பழைய பட்டியல் அப்படியே இருக்க, புதிது தனியாக வந்து உட்காரும்.

பாண்டாக்கில் 'டாக்' ஆப்ஷன் போட்டும் பட்டியலே வரவில்லை என்று புலம்புகிறவர்கள், 'எஸ்' ஆப்ஷன் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். முழு ஆவணமாகக் கேட்டால்தான் டெம்ப்ளேட் ஓடும், பட்டியல் அந்த டெம்ப்ளேட்டில் இருக்கிறது. நான்காம் நிலைத் தலைப்பு காணவில்லை என்றால், ஆழம் தானாகவே 3 என்று நிற்கிறது.

வரி தேடும் கிரெப் கட்டளையை வைத்து '#' இல் தொடங்கும் வரிகளைப் பொறுக்கினால் போதும் என்கிறவர்களுக்கு: கோட் பிளாக்குக்குள் இருக்கும் பாஷ் கமெண்டும் '#' இல்தான் தொடங்கும். அதுவும் பட்டியலில் தலைப்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அடியில் '===' கோடு போட்ட தலைப்போ வராமலே போகும்.

இத்தனைக்கும் 2021இல் இருந்து கிட்ஹப்பே மார்க்டவுன் ஃபைலுக்கு மேலே தலைப்புப் பட்டியலைக் காட்டுகிறது. அங்கே மட்டும் படிக்கப்படும் ரீட்மீக்கு இந்தப் பாடே தேவையில்லை. ஐந்து தலைப்புக்கெல்லாம் பொருளடக்கம் போட்டு, இரண்டு கிளையில் இரண்டு பேர் தலைப்பு சேர்த்து, மெர்ஜ் செய்யும்போது அந்தப் பட்டியலில் மோதல் வந்து மண்டையை உடைத்துக்கொள்வது வீண். அப்படி மோதினால் கையால் கோக்க உட்காராதீர்கள். ஏதோ ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு கருவியை மறுபடி ஓட்டுங்கள்.

கட்டாயம் வேண்டும் என்றால் ஐடியை நீங்களே வையுங்கள். பாண்டாக்கிலும், ஆட்ரிப்யூட் லிஸ்ட் நீட்சியை இயக்கிய எம்கேடாக்ஸிலும், தலைப்பு வரியின் கடைசியில் நெளிவு அடைப்புக்குறிக்குள் '#' போட்டு ஐடி எழுதலாம். கிட்ஹப்பில் அது செல்லாது. அங்கே தலைப்புக்கு முந்தின வரியில் ஐடியோடு ஒரு வெற்று 'ஏ' டேக். ஐடி ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழில் வைத்தால், 'ஔ'வை ஒருவர் ஒரே எழுத்தாக அடிப்பார், இன்னொருவர் 'ஒ'வையும் 'ள'வையும் சேர்த்து அடிப்பார். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, பிரவுசருக்கு அப்படி இல்லை.