டிஸ்க் கையில் இருந்தால் மட்டும் போதாது

வீடியோ கேமை டிஸ்க்காக வாங்கினால் அது நமக்கே சொந்தம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேம், நெட் வழியே சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் அந்தச் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியதும், டிஸ்க் வைத்திருந்தவர்களும் விளையாட முடியாமல் போனது. காசு கொடுத்தவர்களுக்கு இது அநியாயம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் கருவிக்கு வரும் 'கேம்-கீ கார்டு'களிலும் கேம் கிடையாது, அதைத் திறக்கும் சாவி மட்டும்தான். அதை மறுபடி விற்கலாம், ஆனால் வாங்குபவர் முழு கேமையும் டவுன்லோடு செய்தாக வேண்டும். பெட்டியின் முன்பக்கத்திலேயே போட்டிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள்.

தருமபுரி நாலு ரோட்டிலோ கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலோ நேரில் பார்த்துப் பழைய டிஸ்க் வாங்குபவர்கள், செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பிஎஸ்4, பிஎஸ்5 கேம் டிஸ்க்குகள் ப்ளூ-ரே வகை. அதில் தகவல் பதிந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. அதனால் டிவிடிபோல் பாலிஷ் போட்டுத் தேற்ற முடியாது, மேலே உள்ள கெட்டிப் பூச்சே போய்விடும். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கோடு பரவாயில்லை. வட்டமாக ஓடி, நகம் தட்டுப்படுகிற கீறல் என்றால் வேண்டவே வேண்டாம், இன்ஸ்டால் பாதியில் நிற்கும்.

விற்பவர் வீட்டிலேயே பார்க்க வாய்ப்பிருந்தால் நெட்டை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லுங்கள். டிஸ்க்கில் உண்மையில் எவ்வளவு கேம் இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் டவுன்லோடு கோட் (code) சீட்டு ஒருமுறைதான் செல்லும், அதற்கென்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சோனியின் பிஎஸ்5 ஸ்லிம் கேம் கருவிக்குத் தனியாக டிஸ்க் டிரைவ் வாங்கி மாட்டுபவர்களுக்கு, அதை முதல்முறை இணைக்க நெட் கட்டாயம்.