நிம்ஹான்ஸுக்கு அனுப்புவதற்கு முன்னால் நாடித்துடிப்பைப் பாருங்கள்

பெங்களூரில் மனம் கலங்கிய நிலையில் இருக்கும் ஒருவரை ஏதாவதொரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போனால், பெரும்பாலும் வாசலிலேயே பதில் கிடைத்துவிடுகிறது: "நிம்ஹான்ஸுக்குக் கொண்டு போங்கள்." இந்த ஊரிலேயே இருக்கும் மனநல, நரம்பு மருத்துவ நிலையம் அது. நோயாளியின் பெயர்கூடப் பதிவாகியிருக்காது. பி.பி. பார்த்திருக்க மாட்டார்கள். நோயாளி ஆட்டோவை விட்டு இறங்கியிருக்கக்கூட மாட்டார். இந்த ஊரில் அவசரப் பிரிவுச் செவிலியராக வேலை பார்க்கிறேன். இந்த வாக்கியத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் கேட்டுக் கேட்டு மனம் புண்ணாகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நிம்ஹான்ஸ் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. 1974-இல் இன்றைய வடிவம் பெற்ற அந்த நிலையம் இந்த நாட்டின் மனநல மருத்துவத்துக்கே முதுகெலும்பு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று நம் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து அதன் வாசலில் நிற்கின்றன. ஆனால், அப்படியொரு நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பது மற்ற மருத்துவமனைகளுக்கெல்லாம் கைகழுவ வசதியாகிவிட்டது. மனநலம் என்றால் அங்கே, உடம்பு என்றால் இங்கே என்று வாசலில் நிற்கும் காவலாளிகூடப் பிரித்துவிடுகிறார். நோய் அப்படிப் பிரிந்து வருவதில்லை.

ஒரு கட்டட மேஸ்திரியைச் சொல்கிறேன். தருமபுரிக்காரர். வேலைத்தளத்தில் கூட இருந்தவர்கள் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார், இறந்துபோன அம்மாவைக் கூப்பிட்டார், தொட்டவர்களையெல்லாம் அடித்தார். "யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் சிஸ்டர், இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை" என்றார் கூட வந்த தம்பி. எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு மருத்துவமனையில் வழக்கமான பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது. நாடி தறிகெட்டு ஓடியது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கடைசியாக எப்போது குடித்தார் என்று தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மூன்று நாளைக்கு முன்னால் என்றார்கள். கூலி வரவில்லை, அதனால் குடிக்கவில்லை.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இப்படி வரலாம். மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். லோராசிபாம் போன்ற அமைதிப்படுத்தும் ஊசி வேண்டும், தையமின் என்ற பி1 வைட்டமின் வேண்டும். தையமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வர வாய்ப்புண்டு. இதெல்லாம் எந்தப் பொது மருத்துவமனையிலும் இருக்கிற மருந்துகள். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஆட்டோவில் கிடக்க வேண்டிய ஆள் அல்லர் அவர்.

குடி மட்டும் காரணமில்லை. சர்க்கரை தாழ்ந்த நோயாளி கெட்ட வார்த்தை பேசுவார். பி.பி.க்காக மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு உடம்பில் சோடியம் குறைந்தால் ஆள் அடையாளம் தெரியாமல் போகும். மூளைக் காய்ச்சல், பல நாட்களுக்கு முன்பு பைக்கிலிருந்து விழுந்ததில் மெல்லக் கசிந்த ரத்தம், தைராய்டு, சிறுநீர்த் தொற்று என்று எது வேண்டுமானாலும் 'பைத்தியம்' போல வேடம் கட்டி வரும். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக இப்படி ஆகிறதா? குரல் கேட்பதைவிட உருவங்கள் தெரிவதாகச் சொல்கிறாரா? ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் மயக்கம் என்று மாறுகிறதா? காய்ச்சல் இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் முதலில் உடம்பைத் தேட வேண்டும். இதற்கு மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதைவிடக் கொடுமை இன்னொன்று உண்டு. ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுபவர் நெஞ்சு வலிக்கிறது என்று வந்தால், பழைய சீட்டைப் பார்த்ததுமே அவர் சொல்வதற்கு மதிப்புப் போய்விடுகிறது. பதற்றம்தான் என்று இ.சி.ஜி.யைத் தள்ளிப்போடுகிறார்கள். லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் குறைந்தால் அந்த மருந்தே நஞ்சாகும். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். அதைப் பார்த்து "பழைய நோய் திரும்பிவிட்டது" என்று நிம்ஹான்ஸுக்கு அனுப்புகிறார்கள். மனநலத்துக்கும் மூளை, நரம்பு நோய்களுக்குமான நிலையம் அது. மாரடைப்பையோ வாந்தி பேதியையோ பார்ப்பதற்கு ஏற்பட்டதன்று. அங்கிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஒரே இரவில் மூன்று வாசல் ஏறி இறங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே அனுமதித்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நடுங்கும் மனிதரை, கண் கூசும் வெளிச்சத்தில், மானிட்டர்கள் அலறும் கூடத்தில், விபத்தில் அடிபட்டவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைக்கிறோம். சுற்றிலும் சீருடை போட்ட நான்கு காவலாளிகள். அவர் ஏன் அமைதியாக இருக்கப் போகிறார்? ஓரமாக ஒரு அறை, குறைந்த வெளிச்சம், கூட இருக்க ஒரே ஒரு ஆள். எதிரே நின்று அதிகாரம் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, இது ஆஸ்பத்திரி. நான் நர்ஸ். உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா?" என்று அவருடைய மொழியில் கேட்க வேண்டும். கலக்கத்தில் இருப்பவருக்கு மற்ற மொழிகள் நழுவித் தாய்மொழி மட்டும் மிஞ்சுவதை அடிக்கடி பார்க்கிறேன். பத்து ஆண்டுகளாகக் கன்னடம் பேசியவர்கூட அந்த நேரத்தில் தமிழில்தான் கெஞ்சுகிறார். அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழும் ஊர் இது. இரவுப் பணியில் தமிழ் தெரிந்த ஒருவரின் எண்ணை மேசையில் எழுதி வைக்கச் செலவு ஒன்றும் ஆகாது.

பேசியும் அடங்காதபோது ஊசி தேவைதான், மறுக்கவில்லை. அதிலும் முறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் இப்படிக் கொந்தளிப்போடு வந்த 200 பேரிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. லோராசிபாம் ஒரு பக்கம், ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் சேர்ந்தது மறுபக்கம். இரண்டுமே பலன் தந்தன. கூட்டு மருந்து இன்னும் விரைவாக அடக்கியது. உலகமே எடுத்துப் படித்த ஆய்வு நம் ஊரிலிருந்து வந்திருக்கிறது. அப்படியிருந்தும் சில இடங்களில் ஹாலோபெரிடாலை மட்டும் தனியாகப் போட்டுவிடுகிறார்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண்கள் மேலே செருகும். குடும்பம் அலறும். நோயாளிக்கோ அதன்பிறகு ஆயுளுக்கும் ஊசி என்றால் பயம்.

கட்டிப்போடுவதைப் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. மனநல மருத்துவரின் ஒப்புதலும் பதிவும் வேண்டும். ஆள் பற்றாக்குறை ஒரு காரணமே ஆகாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த தமிழர்கள் நாம். துணியால் கட்டினால் பரவாயில்லை என்று எப்படி மனம் ஒப்புகிறது?

தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டவர்களின் கதை வேறு. அவர்களை யாரும் வாசலில் திருப்புவதில்லை. உயிரைக் காப்பாற்றுவோம், டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுவோம், அவ்வளவுதான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கோபமாகக் கேட்க ஆளுண்டு. என்ன வலி என்று கேட்க ஆளில்லை. கேட்டால் அந்த எண்ணம் மறுபடியும் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி வராது, கேட்பதுதான் பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அவசரப் பிரிவுகளில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. ஒரு மணி நேரப் பேச்சு, அதன்பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரிப்பு, இவ்வளவுதான் செய்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். பல லட்ச ரூபாய்க் கருவி எதுவும் இல்லை, ஒரு தொலைபேசி போதும். போலீஸ் வழக்கு என்று பயந்து மறைக்கும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. நடந்ததை மருத்துவரிடம் முழுவதுமாகச் சொல்லுங்கள்.

மருத்துவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்குத் தனித் தேர்வே கிடையாது. இரவில் மனநல மருத்துவர் கிடைப்பதில்லை. அடி வாங்கிய செவிலியர்கள் என் தோழிகளிலேயே இருக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் நிர்வாகம் ஆள் போட்டுப் பயிற்சி கொடுத்துத் தீர்க்க வேண்டிய குறைகள். நோயாளியை வாசலில் திருப்பி அனுப்ப உரிமை கொடுப்பவை அல்ல. அவசர சிகிச்சை தருவது அரசு, தனியார் என்ற பேதமின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே சொல்லிவிட்டது. 2017 சட்டத்தின் 94-ஆம் பிரிவு, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் மனநல அவசர சிகிச்சை தரலாம், 72 மணி நேரம் வரை என்கிறது. அவசர சேவையும் ஆம்புலன்ஸும் உடல் நோய்க்கு இருக்கும் அதே தரத்தில் மனநோய்க்கும் இருக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. ஆகவே நான் கேட்பது சலுகை இல்லை: அனுப்பத்தான் வேண்டும் என்றால், நாடி, பி.பி., காய்ச்சல், சர்க்கரை, உப்பு பார்த்து, தேவையான முதல் சிகிச்சை கொடுத்து, சீட்டில் எழுதி, அங்கே இருக்கும் மருத்துவரிடம் பேசிவிட்டு, ஆம்புலன்ஸில் அனுப்புங்கள்.

குடும்பங்களுக்கு: மாத்திரைச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது தூங்கினார், சாப்பிட்டார், குடித்தார், எங்காவது விழுந்தாரா என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். பார்க்காமல் அனுப்பினால், "பி.பி.யும் சர்க்கரையும் பார்த்து எழுதிக் கொடுங்கள், போகிறோம்" என்று நிதானமாகக் கேளுங்கள். எழுதிக் கொடு என்றதும் உள்ளே அழைத்துக்கொண்டவர்கள் உண்டு. வீட்டிலிருந்து பேச டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416; தமிழில் பேசலாம், பகலும் இரவும் இலவசம். உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐ அழைத்து, அருகில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கேயே போய் இறங்குங்கள்.