மாடிச் சுவரில் வழியும் கரண்டு

பக்கத்து வீட்டுச் சுவரில் மாடியிலிருந்து தரை வரைக்கும் ஒரு பாசிக்கோடு இறங்குகிறது. டேங்க் நிறைந்து வழிகிற தண்ணீர் தினமும் அதே தடத்தில் ஓடி ஓடி, ஒரு சாண் அகலத்துக்குச் சுவரே பச்சையாகிவிட்டது. தருமபுரியில், சித்திரை வெயிலில்கூடக் காயாத பாசி. முந்தாநாள் காலையும் வழிந்தது. "அக்கா, மோட்டார் ஓடுது பாருங்க" என்று குரல் கொடுத்தேன். "நிறுத்தறேன் கண்ணு. கரண்டு பில்லு நாமதானே கட்டுறோம், ரெண்டு குடம் போனா போகட்டும் விடு" என்றார். அன்பான மனுஷி, அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது என்றால் எல்லோரும் லைட்டு, ஃபேன் ஸ்விட்சைத்தான் சொல்வார்கள். நம் மாவட்டத்தில் அது குழாயில் ஆரம்பிக்க வேண்டும் என்பேன். நமக்குத் தண்ணீரும் கரண்டும் வேறு வேறு இல்லை.

எங்கள் தெருவில் போர் (ஆழ்துளைக் கிணறு) 800 அடி, 1000 அடி என்று போட்டிருக்கிறார்கள். தண்ணீர் 600 அடியில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஆயிரம் லிட்டரை மாடிக்கு ஏற்ற எவ்வளவு கரண்டு ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மோட்டாரிலும் பைப்பிலும் வீணாவதைச் சேர்த்தால் சுமாராக ஒன்றேகால் யூனிட் வருகிறது. 75 வாட் ஃபேன் ஒன்று பதினாறு மணி நேரம் சுற்றுகிற கரண்டு அது. இப்போது கடையில் கிடைக்கும், கரண்டு குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் என்றால் 30 வாட்தான், நாற்பது மணி நேரம் சுற்றும். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் பிள்ளைகளைத் திட்டுகிறோம். டேங்க் வழிந்தால் மட்டும் பேசாமல் இருக்கிறோம்.

அது போர் தண்ணீர். இனி ஒகேனக்கல் தண்ணீருக்கு வருகிறேன். எனக்கு இதைச் சாதாரணமாகப் பேச வராது.

நான் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். என்னோடு படித்தவர்களில் பல பேருக்குப் பல்லில் காவிக்கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பள்ளியில் எடுத்த குரூப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என் தோழி ஒருத்தி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். சிரிப்பு வந்தால் முந்தானையாலோ கையாலோ வாயை மறைத்துக்கொள்ளும் பெண்களை எங்கள் ஊரில் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது வெட்கம் என்று நினைத்திருந்தேன். நிலத்தடி நீரில் இருந்த ஃப்ளோரைடு செய்த வேலை அது என்று பிறகுதான் தெரிந்தது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. அதிகமானால் முதலில் பல்லைப் பிடிக்கும், வருஷக் கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும்.

இதற்கு விடிவாகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்குமான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013ல் வந்தது. காவிரி ஆறு கீழே பள்ளத்தில் ஓடுகிறது. நாம் இருப்பது மேட்டில். பென்னாகரம் மேடு, ஓசூர் அதைவிடப் பெரிய மேடு. ஆற்றில் எடுத்த தண்ணீரைச் சுத்திகரித்து, பெரிய பெரிய மோட்டார்களை வைத்து மலை மேலே தள்ளினால்தான் நம் தெருக் குழாயில் சொட்டும். வந்த தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, இன்னொரு மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுகிறோம். அக்கா சொன்ன பில்லில் இருப்பது இந்தக் கடைசி மோட்டார் மட்டும்தான். மலை ஏற்றிய மோட்டாரின் பில் நம் வீட்டு அட்டையில் வராது.

நிலக்கரிப் புகையும் அந்த அட்டையில் வராது. தொப்பூர் வழியாக மேட்டூர் போனவர்கள் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். 1,440 மெகாவாட் நிலையம். நிலக்கரியில் ஒரு யூனிட் தயாரிக்க ஏறக்குறைய 700 கிராம் கரி எரிய வேண்டும். அப்படியென்றால் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரு தடவை நிறைய முக்கால் கிலோவுக்கு மேல் கரி. வழிந்து போன குடங்களுக்கும் சேர்த்துத்தான் அது எரிந்தது. காற்றாலை, சோலார், நீர்மின்சாரம் எல்லாம் நம் மாநிலத்தில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்கு வெயில் இல்லை, அதே நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் லைட்டு, டிவி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் ஒன்றாக ஓடும். அப்போது கரியைத்தான் எரிப்பார்கள். அதனால் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் போட்டுவிடுகிறேன். யூனிட் அதேதான், பில் குறையாது. ஆனாலும் செய்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாவது செய்யலாம்.

சரி, ஸ்விட்ச் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு லைட்டு, ஃபேன் எல்லாம் அணைத்து, ஃபிரிட்ஜையும் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, டார்ச்சோடு மீட்டர் பெட்டி முன்னால் போய் நின்றேன். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும், கவனித்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில் 3200 என்று அச்சடித்திருக்கிறது. 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். வீட்டில் எதுவும் ஓடவில்லையே, சிமிட்டாது என்று நினைத்தேன். சிமிட்டியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை, தவறாமல். மணிக்கு 120 சிமிட்டல், கிட்டத்தட்ட 37 வாட். இரவும் பகலும் இப்படியே போனால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 2016லிருந்து அரசு நமக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறதே, அதில் பாதிக்கு மேல் யாருக்கும் உபயோகமில்லாமல் இப்படியே போயிருக்கிறது.

ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் சூடாகவே இருந்தது. தொட்டுப் பார்த்தால் தெரியும், பிறந்த கோழிக்குஞ்சு மாதிரி வெதுவெதுப்பு. அப்புறம் வைஃபை பெட்டி. பெரிய பங்கு இன்வர்ட்டருக்கு. பேட்டரி நிறைந்த பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கிறது. அதை எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை. 2012ல் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாமல் கிடந்தோமே, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு அந்தப் பயம் போகாது. மற்ற இரண்டையும் படுக்கும்போது சுவர் ஸ்விட்சிலேயே அணைத்துவிடுகிறோம்.

தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லாத வீட்டுக்கு அது அவசியம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஃப்ளோரைடுக்குப் பயந்து ஆர்ஓ வாங்கியவர்கள், ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகும் அந்தத் தண்ணீரையே அதில் ஊற்றுகிறார்கள். ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்துவிட்டு, அதைவிட அதிகமாகச் சாக்கடைக்கு அனுப்புகிறது அந்த மெஷின். அதுவும் மலை ஏறி வந்த தண்ணீர். குறைந்தபட்சம் அந்தக் கழிவுக் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டு, வீடு துடைக்கவாவது வைத்துக்கொள்ளலாம்.

அடுப்படியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. தட்டைப்பயறையும் மொச்சையையும் முதல் நாள் ராத்திரியே ஊறப் போட வேண்டும் என்று நம் அம்மாக்கள் சொன்னது கேஸ் மிச்சத்துக்கும் சேர்த்துத்தான். ஏசி வைத்திருப்பவர்கள் 26ல் வைத்து, கூடவே ஃபேனையும் போட்டுக்கொண்டால் போதும். மொட்டை மாடிக்குக் கோடைக்கு முன்னால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மேல் அறையில் ராத்திரி புழுக்கம் குறைந்திருக்கிறது.

நேற்று அக்கா வீட்டுக்குப் போய் இந்த ஒன்றேகால் யூனிட் கணக்கைச் சொன்னேன். ஒகேனக்கல் தண்ணீர் எப்படி மேலே வருகிறது என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எங்கம்மாவும் கடைசி வரைக்கும் முட்டி மடக்க முடியாமதான் கெடந்தாங்க கண்ணு" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவரே, டேங்க் நிறைந்தால் சத்தம் போடும் அலாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இன்று சாயங்காலம் நானும் கூடப் போகிறேன்.

நீங்களும் இன்று ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். எத்தனை தடவை சிமிட்டியது என்று கீழே எழுதுங்கள்.