சாண்ட்பாக்ஸி: நிரலை மூடுவது வேறு, பெட்டியை அழிப்பது வேறு

சாண்ட்பாக்ஸி என்பது விண்டோஸில் ஒரு நிரலைக் கணினியின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து, ‘பெட்டி’ எனப்படும் தனி இடத்துக்குள் இயக்கும் மென்பொருள். அதற்குள் இயக்கிய நிரலை மூடினாலே அது விட்டுச்சென்ற அனைத்தும் தானாக அழிந்துவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இயல்பான அமைப்பில் அப்படி நடப்பதில்லை.

நிரல் எழுதிய கோப்புகள் சி டிரைவில் ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற கோப்புறையில், உங்கள் பயனர் பெயரின் கீழ் அப்படியே கிடக்கும். ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளத்தில், நிரல் செய்த மாற்றங்களும் அங்கேயே ‘ரெக்ஹைவ்’ என்ற தனிக் கோப்பில் இருக்கும். பெட்டியின் உள்ளடக்கத்தை நீங்களே அழிக்க வேண்டும், இல்லையேல் தானாக அழிக்கும் வசதியை அமைப்புகளில் இயக்கிவைக்க வேண்டும். மூடியதும் எல்லாவற்றையும் துடைப்பது விண்டோஸ் 10, 11 ப்ரோ பதிப்புகளில் உள்ள ‘விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்’ என்ற வேறொரு வசதி. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பது இயல்பே.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாண்ட்பாக்ஸிக்குள் உலாவியைத் திறந்து, டவுன்லோட்ஸ் கோப்புறையில் ஒரு படத்தைச் சேமியுங்கள். கோப்பை மீட்கவா (பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவா) என்று சாண்ட்பாக்ஸி கேட்டால் மறுத்துவிட்டு உலாவியை மூடுங்கள். உண்மையான டவுன்லோட்ஸில் படம் இருக்காது. சாண்ட்பாக்ஸ் கோப்புறையில் உங்கள் பெயர், டீஃபால்ட்பாக்ஸ், யூசர், கரண்ட், டவுன்லோட்ஸ் என்று ஒவ்வொன்றாக உள்ளே போங்கள், அங்கே இருக்கும்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல நாள் கழித்து வைரஸ் தடுப்பு மென்பொருள் இந்தக் கோப்புறையைக் காட்டி எச்சரிக்கும்போது, தீநிரல் பெட்டியிலிருந்து வெளியேறிவிட்டதாகப் பலர் பதறுகிறார்கள். அது பெரும்பாலும் அழிக்காமல் விட்ட எச்சம்தான்.