621 வெற்றி மட்டும்தானா?

அமெரிக்கப் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜான் மெக்கிஸிக் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் முழுக்க 621 வெற்றி, 10 மாநிலப் பட்டம் என்றே போகிறது. 1952 முதல் 2014 வரை தென் கரோலினாவின் சம்மர்வில் பள்ளி ஒன்றிலேயே இருந்தாரே, அதைப் பேச வேண்டாமா? ஹெல்மெட் மாட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து இது. தொழில்முறை அணி மாதிரி ஆளை விலைக்கு வாங்க முடியாது. ஒரு பையனை ஓரளவு தேற்றி எடுப்பதற்குள் படிப்பு முடிந்து போய்விடுவான். அடுத்த வருஷம் மறுபடி அரிச்சுவடியிலிருந்து. இதில், ஆட வந்த யாரையும் அவர் கழித்துவிட்டதே இல்லையாம்! (தேர்வுக் குழுக்காரர்கள் கவனிக்க.) பழைய மாணவர்களின் பிள்ளைகளும் அவரிடமே ஆடினார்கள். அவர்களில் இருவரிடமாவது கட்டுரையாளர் பேசியிருக்கலாம்.